குத்தகை மாறாமல் கழனி மாறாது

"காலம் மாறிவிட்டது, காவிரிப் படுகை உழவன் மட்டும் மாறவில்லை." இப்படி ஒரு பேச்சு இன்று எங்கும் உலவுகிறது. கருத்தரங்குகளில் கேட்கிறோம், செய்தித்தாள்களில் படிக்கிறோம், சபுரிலிருந்து விடுமுறைக்கு வரும் நம் பிள்ளைகள் திண்ணையில் அமர்ந்து சொல்லவும் கேட்கிறோம். மழை தவறுகிறது, வெயில் மிகுகிறது, கடல்நீர் உள்ளே புகுகிறது. இந்நிலையிலும் பாட்டன் காலத்து முறையில் வயல் நிறைய நீரைக் கட்டி நெல் நடுகிறானே, இவன் எப்போது திருந்துவான் என்பதே அப்பேச்சின் சாரம்.

நாம் இதை மறுக்கிறோம். நெற்பயிர்த் தொழில் மாறித்தான் ஆக வேண்டும். அதில் நமக்கு ஐயமில்லை. முதலில் மாற வேண்டியவர் யார் என்பதில்தான் வழக்கு. சேற்றில் நிற்பவனின் அறிவுக் குறைவால் மாற்றம் தடைப்பட்டு நிற்பதாகச் சொல்வது பொய். அந்த வயல் எந்த நிபந்தனையின்மேல் அவன் கையில் இருக்கிறதோ, அந்த நிபந்தனை கெட்டுக் கிடப்பதால் தடைப்பட்டு நிற்கிறது. அந்நிபந்தனையை வகுத்தவர்கள் நிலவுடைமையாளர்கள். அவர்களுள் நாமும் இருக்கிறோம். கூத்தாநல்லூர், பொதக்குடி, முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் என்று படுகை நெடுகிலும் நம்மவர் வாழும் ஊர்களைச் சுற்றி, நம் முன்னோர் வாணிபத்தில் ஈட்டி வாங்கிய நஞ்சைகள் உள்ளன. பள்ளிவாசல்களுக்கும் தர்காக்களுக்கும் வக்ஃபாக விட்டுச் சென்ற நஞ்சைகளும் உள்ளன. ஆகவே இது பிறர்மீது தொடுக்கும் வழக்கன்று. நம் வீட்டுக்குள்ளேயே தொடுக்கும் வழக்கு.

குலைந்துபோன நாட்காட்டி

மேட்டூர் அணை 1934-இல் கட்டி முடிக்கப்பட்டது. அதன் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. ஜூன் 12-இல் அணை திறப்பது, அந்நீரில் குறுவை நடுவது, ஆகஸ்டு, செப்டம்பரில் சம்பாவுக்கு நாற்று விடுவது, குறுவை அறுத்த வயலில் தாளடி நடுவது, ஐப்பசி கார்த்திகை மழையில் பயிர் தழைப்பது, தையில் அறுப்பது, ஜனவரி 28-இல் அணையை மூடுவது என்று படுகையின் வாழ்வு ஒரு நாட்காட்டிக்குள் அடங்கியிருந்தது. திருமணமும் கடன் தவணையும்கூட அந்த நாட்காட்டியைப் பார்த்தே குறிக்கப்பட்டன.

அந்த நாட்காட்டி இன்று எங்கே? 2012-இல் அணை திறந்தது செப்டம்பர் 17. 2016-இல் செப்டம்பர் 20. அவ்வாண்டு வடகிழக்குப் பருவமழையும் பாதிக்கு மேல் பொய்த்தது. 2017 ஜனவரியில் தமிழக மாவட்டங்கள் அனைத்தும் வறட்சி பாதித்தவை என அறிவிக்கப்பட்டன. 2020-இல், எட்டாண்டுகளுக்குப் பின்னர், ஜூன் 12-இல் அணை திறந்தது என்று மகிழ்ந்தோம். அந்தச் சம்பாவுக்கு டிசம்பரில் புரெவிப் புயல் வெள்ளம் வந்தது. அதில் தப்பிய பயிர்மீது, மழையே வரக்கூடாத தை மாதத்தில், 2021 ஜனவரியில் பெருமழை கொட்டிற்று. முற்றிய கதிர் சாய்ந்து நீரில் கிடந்து வயலிலேயே முளைவிட்டது. 2022-இல் மே 24-லேயே அணை திறந்தது. 2023-இல் உரிய நாளில் திறந்த அணை அக்டோபரில் மூடப்பட்டது. 2024-இல் ஜூலை 28-இல் திறந்தது. ஒரே படுகையில், பன்னிரண்டே ஆண்டுகளுக்குள், மே 24 முதல் செப்டம்பர் 20 வரை நான்கு மாதத் தூரம் திறப்பு நாள் அலைந்திருக்கிறது. எந்த நாளை நம்பி அவன் நாற்றுவிடுவான்?

கண்ணுக்குத் தெரியாத கேடும் உண்டு. நெல் பூப்பது முற்பகலில். அவ்வேளையில் வெப்பம் 35 பாகைக்கு மேல் ஏறினால் மகரந்தம் மலடாகி மணி பதராகிறது. பகல் வெயிலைக் காட்டிலும் இரவு வெப்பம் கொடிது. பிலிப்பைன்ஸ் நாட்டின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலைய வயல்களில் பல்லாண்டுக் கணக்கை வைத்து 2004-இல் வெளியான ஆய்வொன்று, வறண்ட பருவத்தில் இரவின் குறைந்தபட்ச வெப்பம் ஒரு பாகை உயர்ந்தால் விளைச்சல் நூற்றுக்குப் பத்து குறைவதைக் காட்டிற்று. பகலெல்லாம் பயிர் உண்டாக்கிய உணவை வெப்பமான இரவில் அதுவே மூச்சாகச் செலவழித்துவிடுகிறது. கடலோரத்திலோ, ஆற்றின் நன்னீர் குறையக் குறைய நிலத்தடியில் உப்பு ஏறுகிறது. 2004-ஆம் ஆண்டுக் கடற்கோளின்போது உப்பேறிய வயல்களைத் திருத்த நாகைக் கடலோர மக்கள் பட்ட பாட்டை நாம் மறக்கவில்லை.

இத்தனைக்கும் நடுவே நெல்லை நட்டு, நமக்குக் குத்தகை அளந்து, தானும் உயிரோடிருப்பவனைத்தான் 'மாறாதவன்' என்கிறோம்!

எப்போது மறுத்தான்?

இவன் புதுமையை எப்போது மறுத்தான் என்று கேட்கிறோம். 1960-இல் தஞ்சை மாவட்டம் தீவிர வேளாண்மைத் திட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஆடுதுறையில் உருவான ஏ.டி.டி. 27 என்னும் குறுகிய கால நெல்லை அவன் ஏற்றான். 1966-இல் வெளிவந்த ஐ.ஆர். 8-ஐயும் ஏற்றான். ரசாயன உரத்தை ஏற்றான். பூச்சி மருந்தை ஏற்றான். டீசல் எஞ்சினை ஏற்றான். ஆழ்குழாய்க் கிணற்றை ஏற்றான். ஏரை விட்டு டிராக்டரை ஏற்றான். இன்று அறுவடை இயந்திரம் இறங்காத வயல் அரிது. கொடுத்த புதுமையையெல்லாம் அரை நூற்றாண்டாக ஏற்றவனைப் பழமைவாதி என்பது எந்த நியாயம்?

அப்புதுமையால் களத்தில் குவிந்த நெல் யார் வீட்டுக்குப் போயிற்று என்பதுதான் அன்றும் கேட்கப்படாத கேள்வி. விளைச்சல் பெருகியபோது கீழத்தஞ்சைக் கூலியாட்கள் கேட்டது கூடுதலாகச் சிறிதளவு நெல். அதற்கு விடையாகக் கிடைத்தது 1968 டிசம்பர் 25 இரவு. கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 உயிர்கள் எரிக்கப்பட்டன. பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். விதை புதிதாயிற்று, பங்கு பழையதாகவே இருந்தது. பங்கீட்டைத் திருத்தாமல் விதையை மட்டும் திருத்தினால் என்ன நேரும் என்பதற்கு நம் மண்ணிலேயே சான்று இருக்கிறது. இன்று தட்பவெப்பத்தின் பெயரால் இரண்டாம் முறையாக அதே பிழையைச் செய்யப் புறப்பட்டிருக்கிறோம்.

விதைச் சண்டை

இங்கே இரு கட்சியார் வாதிடுகின்றனர். ஒரு கட்சியார், புதிய விதை வாங்கினால் போதும் என்பர். மறு கட்சியார், பாட்டன் விதைக்குத் திரும்பினால் போதும் என்பர். காட்டுயானமும் மாப்பிள்ளைச் சம்பாவும் பூங்காரும் இவர்கள் நாவில் மந்திரம்போல் உருளும். நூற்று எழுபதுக்கும் மேற்பட்ட நாட்டு நெல் வகைகளை ஊர் ஊராகத் தேடிச் சேர்த்து, 2018 டிசம்பரில் மறைந்த நெல் ஜெயராமன் அவர்களின் உழைப்பை நாம் மதிக்கிறோம். ஆயின் அவ்விதைகளைச் சண்டைக்கு ஆயுதமாக்குவோரை மதிக்க இயலவில்லை.

ஏனெனில் அச்சண்டைக்கு அடிப்படையே இல்லை. வெள்ளத்தில் மூழ்கினாலும் ஏறத்தாழ இரண்டு வாரம் தாங்கும் 'சப் 1' இன நெல் புதிய ஆராய்ச்சியின் வெற்றி என்று கொண்டாடுகிறோம். அந்தத் தாங்கும் தன்மை எங்கிருந்து வந்தது? ஒடிசா மாநிலத்துத் தாழ்நில உழவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பயிரிட்ட நாட்டு நெல்லிலிருந்து வந்தது. மூழ்கிய நெல் பொதுவாக மூச்சுக்குத் தவித்து மேலே எட்டப் பார்த்து, வலுவிழந்து மடியும். இந்நெல்லோ வளர்ச்சியை அடக்கி, வெள்ளம் வடியும்வரை உறங்கிக் கிடந்து, பின்னர்த் துளிர்க்கும். அதற்குரிய மரபணுவை அறிஞர்கள் 2006-இல் கண்டறிந்தனர். 2009-இல் ஸ்வர்ணா சப் 1 வெளியாயிற்று. நம் சம்பாவுக்கு உகந்த சி.ஆர். 1009-இலும் அத்தன்மை ஏற்றப்பட்டுவிட்டது. உப்பைத் தாங்கும் தன்மையும் அவ்வாறே கேரளக் கடலோரத்துப் பொக்காளி நெல்லிலிருந்து எடுக்கப்பட்டதுதான். பாட்டன் காத்த விதையைப் பேரன் படித்துப் புதுக்கினான். இதில் பழமைக்கும் புதுமைக்கும் பகை எங்கே?

விதை நல்லதே. ஆனால் இரண்டு வாரம் தாங்கும் நெல்லும் மூன்றாம் வாரம் அழுகும். வெள்ளம் வடிய வேண்டிய வடிகால், ஆகாயத்தாமரை மண்டியும் ஆக்கிரமிப்பால் சுருங்கியும் கிடந்தால் எந்த மரபணுவும் காக்காது. விதைப் பையை மட்டும் கையில் கொடுத்துவிட்டு 'நவீனமாகிவிட்டாய்' என்று சொல்வது ஏமாற்று.

காய்ச்சலும் பாய்ச்சலும்

நீரின் கணக்குக்கு வருவோம். ஒரு கிலோ நெல்லுக்குச் சராசரி 2500 லிட்டர் நீர் செலவாகிறது என்பது நெல் ஆராய்ச்சியாளர் கணக்கு. எப்போதும் நீர் தேங்கிய வயலில் மண்ணுக்குக் காற்று புகாமல் மீத்தேன் வாயு உண்டாகி உலக வெப்பத்தைக் கூட்டுகிறது என்பதும் உண்மை. மனிதச் செயல்களால் எழும் மீத்தேனில் நெல் வயல்களின் பங்கு சற்றொப்ப பத்து விழுக்காடு.

இதற்கு மாற்று உண்டு. அதற்கு அழகான தமிழ்ப் பெயரும் உண்டு: காய்ச்சலும் பாய்ச்சலும். துளையிட்ட குழாய் ஒன்றை வயலில் புதைத்து, நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கும்வரை விட்டு, அதன்பின் மீண்டும் பாய்ச்ச வேண்டும். பூக்கும் பருவத்தில் மட்டும் காயவிடலாகாது. இதனால் நீர் நூற்றுக்குப் பதினைந்து முதல் முப்பது வரை மிச்சமாகும், மீத்தேனும் பெரிதும் குறையும், விளைச்சல் குறையாது. மடகாஸ்கர் தீவில் 1980-களில் உருப்பெற்று நம்மிடம் 'திருந்திய நெல் சாகுபடி' எனப் பெயர் பெற்ற ஒற்றை நாற்று நடவும் இவ்வகையினதே. இளம் நாற்றை ஒவ்வொன்றாக, 25 சென்டிமீட்டர் இடைவெளியில் சதுரமாக நட்டு, உருளும் களையெடுப்பானால் மண்ணைக் கிளறிவிடுவது அம்முறை. அணை பிந்தும் ஆண்டில் நாற்றங்காலுக்குக் காத்திராமல் புழுதியிலேயே நேரடியாக விதைப்பதும் உண்டு.

இவ்வளவும் தெரிந்திருந்தும் ஏன் பரவவில்லை? விடையை அதிகாரியிடம் கேட்டால் 'விழிப்புணர்வு போதவில்லை' என்பார். கடைமடையில் நிற்பவனிடம் கேளுங்கள். அவன் சொல்வது இது: 'முறைப்பாசனத்தில் இன்று எனக்குத் தண்ணீர் வந்திருக்கிறது. அடுத்த முறை எப்போது வரும், வருமா, எனக்குத் தெரியாது. வந்ததைக் கட்டி வைக்காமல் காயவிடச் சொல்கிறீர்களே, காய்ந்த பிறகு பாய்ச்ச யார் தருவார்?' இதில் அறியாமை எங்கே இருக்கிறது? அடுத்த பாய்ச்சல் உறுதியானவனே காய்ச்சலுக்கு அஞ்சாமல் இருப்பான். கையில் மோட்டாரும் நல்ல நிலத்தடி நீரும் உள்ள தலைமடைப் பண்ணையாளருக்கு இம்முறை எளிது. நிலத்தடி நீர் உவர்ந்துபோன கடைமடையில் ஆற்றுநீர் ஒன்றே கதி. முறை நீர் வரும் நாளை முன்கூட்டி எழுதி அறிவித்து அதன்படி மதகைத் திறப்பது பொதுப்பணி ஆற்றுவோரின் கடமை. அதைச் செய்யாமல் உழவனுக்குப் பாடம் நடத்துவது வீண்.

இனி, நம் பங்குக்கு வருவோம். காய்ச்சலும் பாய்ச்சலும் செய்ய வயல் மட்டமாக இருக்க வேண்டும். மேடு பள்ளமான வயலில் மேட்டுப் பயிர் காயும், பள்ளத்துப் பயிர் அழுகும். லேசர் கருவியால் மட்டம் செய்யலாம்; ஆனால் அச்செலவு திரும்பி வரச் சில பருவங்களாகும். தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுது மண்ணைத் தேற்றினாலும் பயன் மெல்லத்தான் தெரியும். வரப்பை உயர்த்துவது, வயலோரம் வடிகால் வெட்டுவது எல்லாம் இத்தகையவையே. அடுத்த ஆண்டு அந்த வயல் தன்னிடம் இருக்குமா என்று தெரியாதவன் இவற்றுள் எதைச் செய்வான்? வாய்ச்சொல்லாக, ஆண்டுக்கு ஆண்டு, 'பார்க்கலாம்' என்ற பேச்சில் குத்தகை விடுகிறோம். வக்ஃபு நஞ்சையை ஆண்டுதோறும் ஏலத்தில் விட்டு, மிகுதியாகக் கேட்டவனுக்குத் தருகிற ஊர்களும் உண்டு. ஓராண்டுக்கு எடுத்தவன் அவ்வாண்டுக்குள் உரத்தைக் கொட்டிப் பிழிந்தெடுக்கத்தான் பார்ப்பான். மண்ணை அவன் கெடுப்பதாகப் பழிப்பது எளிது. கெடுக்கும்படி ஏற்பாடு செய்தவர்கள் நாம்.

காகிதத்தில் இல்லாத உழவன்

2021 ஜனவரி மழைக்குப் பின் நாமறிந்த ஒரு குத்தகையாளரின் வயலுக்குச் சென்றிருந்தோம். அறுவடைக்கு ஒரு வாரமே இருந்த சம்பா, பாய் விரித்ததுபோல் நீரில் படுத்துக் கிடந்தது. அவர் ஒரு கதிரைத் தூக்கி நம் கையில் தந்தார். மணிகளில் வெள்ளை முளை நீண்டிருந்தது. நகை வைத்துப் பட்ட கடன் அந்த வயலில் கிடந்தது. நிவாரணத்துக்கு எழுதிக் கொடுத்தீர்களா என்று கேட்டோம். 'என் பேர்ல எந்தக் காகிதமும் இல்லீங்க' என்றார். பட்டாவும் அடங்கலும் உடையவர் பெயரில். உடையவரோ கடல் கடந்து இருந்தார். நல்ல மனிதர், தருமவான். ஆனால் தம் வயல் மூழ்கியதே அவருக்குத் தெரியாது. அவ்வாண்டுக் குத்தகை நெல்லைப் பற்றி மட்டும் தொலைபேசியில் நினைவூட்டியிருந்தார்.

இது ஒருவர் கதையன்று. 2016-இல் வந்த பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் சம்பாவுக்கு உழவன் செலுத்தும் பங்கு, காப்பீட்டுத் தொகையில் நூற்றுக்கு ஒன்றரைதான். குத்தகை உழவரும் சேரலாம் என்று விதி உண்டு. ஆனால் அவன் உழவன் என்பதைக் காட்டும் ஆவணம் வேண்டும். அடங்கலில் நம் பெயரே நீடிக்குமானால் அவன் எதைக் காட்டுவான்? கூட்டுறவுப் பயிர்க்கடனுக்கும் அதே தடை. 2019 முதல் மத்திய அரசு ஆண்டுக்கு 6000 ரூபாய் தரும் திட்டமோ நிலவுடைமைக் குடும்பத்துக்கே உரியது. குத்தகைக்கு உழுபவனுக்கு அதில் இடமே இல்லை. கொள்முதல் நிலையத்தில் 17 விழுக்காட்டுக்கு மேல் ஈரம் இருந்தால் நெல்லைத் தள்ளுவர். மழை மிகுந்த ஆண்டுகளில் மனுப்போட்டுச் சற்றே தளர்வு பெற வேண்டும். அதுவரை நெற்குவியலோடு சாலையோரம் விழித்துக் கிடப்பவன் அவன். ஆக, நட்டமெல்லாம் அவனுக்கு. அதற்கு ஈடு தரும் காகிதமெல்லாம் நமக்கு. இந்த ஏற்பாட்டின் மேல் நின்றுகொண்டு அவனைப் புதுமைக்கு அழைக்கிறோம். பட்டறிந்த முறை தவறினாலே மீளமுடியாதவன், படாத முறையைச் சோதித்துப் பார்க்கத் துணிவானா?

நம் நூல்கள் அறிந்த நீதி

அரபி மொழியில் உழவனுக்கு 'ஃபல்லாஹ்' என்று பெயர்; வெற்றிக்கும் ஈடேற்றத்துக்கும் 'ஃபலாஹ்' என்று பெயர். இரண்டும் ஒரே வேர்ச்சொல்லில் பிறந்தவை. பிளத்தல் என்பது அவ்வேரின் பொருள். நாள்தோறும் ஐந்து வேளை 'ஃபலாஹ்' எனும் அழைப்பைக் கேட்கிற நாம், மண்ணைப் பிளப்பவனை அச்சொல்லுக்கு வெளியே நிறுத்திவிட்டோம்.

விளைச்சலுக்கு உரிய ஜக்காத்தின் சட்டத்தை மதரஸாப் பிள்ளையும் அறிவான். மழையாலும் ஓடும் ஆற்றாலும் தானே விளைந்ததில் பத்தில் ஒன்று. உழைத்து இறைத்து விளைவித்ததில் இருபதில் ஒன்று. நீருக்கு உழைப்பும் செலவும் கூடினால் கடமையே பாதியாகிறது. இறைவனுக்காகக் கொடுக்கும் பங்கிலேயே நீரின் செலவு கணக்கில் கொள்ளப்பட்டிருக்க, நாம் வாங்கும் குத்தகையில் அதற்கு இடமில்லை! ஆறு நிறைந்த ஆண்டிலும் அதே மூட்டை. அணை பிந்தி டீசல் எஞ்சினை இரவு பகலாக ஓட்டிக் காத்த ஆண்டிலும் அதே மூட்டை.

இன்னொன்று. மதீனாவில் நிலத்தைக் குத்தகைக்கு விட்ட சிலர், வாய்க்காலோரத்தில் விளைவது தமக்கு என்று நிபந்தனை வைத்தனர். ஒரு பகுதி அழிந்து மறு பகுதி பிழைக்கும்போது ஒருவர் பெற, மற்றவர் வெறுங்கையாய் நின்றார். அவ்வகை உடன்பாட்டைப் பெருமானார் (ஸல்) அவர்கள் தடுத்ததை ராஃபிஉ பின் கதீஜ் (ரலி) அறிவிக்கிறார்கள். விளைச்சலில் பங்கு கொள்ளும் வாரம் கூடுமா, எந்த அளவில் கூடும் என்பதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு; அதை நாம் மறைக்கவில்லை. ஆயின் அத்தடையின் உள்நோக்கம் தெளிவானது: அழிவு முழுவதும் ஒருவன் தலையில் விழும்படி உடன்பாடு அமையலாகாது. மூழ்கிய வயலுக்கு முழுக் குத்தகை கேட்கும்போது நாம் எந்தப் பக்கம் நிற்கிறோம்?

சபுராளிப் பிள்ளைகளுக்கும் ஒரு சொல். உங்கள் உழைப்பின் வியர்வையை நாம் குறைத்து மதிப்பவரல்லர். ஆனால் எண்ணெய் வளத்தால் செழித்த நாடுகளில் ஈட்டிய பொருளில் வாழ்ந்துகொண்டு, உலகம் சூடேறியதற்குக் கடைமடைக் குத்தகையாளரின் நீர்க்கட்டைக் காரணம் காட்டுவது நம் வாய்க்கு அழகன்று.

ஓர் அச்சமும் அதன் விடையும்

'எழுதிக் கொடுத்தால் நிலம் போய்விடும்' என்பர் நம்மவர். இந்த அச்சத்தை நாம் ஏளனம் செய்யவில்லை. 1955-ஆம் ஆண்டுக் குத்தகையாளர் பாதுகாப்புச் சட்டம் பயிரிடுபவனை எளிதில் வெளியேற்ற முடியாதபடி காக்கிறது. 1969-ஆம் ஆண்டுச் சட்டம் குத்தகை உரிமையைப் பதிவு செய்யச் சொல்கிறது. அவை பிறந்த காலத்தில் அவற்றுக்குத் தேவை இருந்தது. ஆனால் பதிவுக்கு அஞ்சிய உடையவர்கள் வாய்ச்சொல்லுக்குள் ஒளிந்துகொண்டனர். காக்க வந்த சட்டத்தால் பல குத்தகையாளர்கள் காகிதத்திலிருந்தே மறைந்தனர்.

வழி இல்லாமலில்லை. ஆந்திர மாநிலம் 2011-இலும், மீண்டும் 2019-இலும் சட்டம் இயற்றி, உடையவரின் உரிமையைத் தொடாமல் பயிரிடுபவருக்கு அடையாள அட்டை தர வழி செய்தது. 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உடன்பாடு பதினொரு மாதத்துக்கு. அதைக் காட்டிக் கடனும் காப்பீடும் இழப்பீடும் கேட்கலாம். நிலத்தின்மேல் உரிமை கொண்டாட இயலாது. அங்கும் உடையவரின் கையொப்பம் பெறுவதே பெரும்பாடு. அச்சட்டம் நோய் முழுவதையும் தீர்த்துவிடவில்லை. எனினும் நிலவுரிமை வேறு, பயிர்ப் பதிவு வேறு என்று பிரிக்க முடியும் என்பதை அது காட்டிவிட்டது. அத்தகைய சட்டத்தை, இன்னும் நீண்ட தவணையோடு, நம் மாநிலத்திலும் கேட்பதை விட்டுவிட்டு, அச்சத்தையே சாக்காகக் கொண்டு அரை நூற்றாண்டைக் கழித்தோம்.

சட்டம் வரும்வரை கைகட்டி நிற்கவும் வேண்டியதில்லை. இந்தப் பருவத்தின் அடங்கலில் பயிரிடுபவர் பெயர் ஏற நாமே கிராம நிர்வாக அலுவலரிடம் ஒப்புதல் தரலாம். பேரிடர் ஆண்டில் குத்தகை தள்ளுபடி, நீர் இறைத்த ஆண்டில் குறைப்பு என்று இப்போதே சொல்லை உறுதி செய்யலாம். வயலை மட்டம் செய்யும் செலவிலும் வடிகால் வெட்டும் செலவிலும் பாதியை ஏற்கலாம், நிலம் நம்முடையதுதானே? வக்ஃபு நஞ்சைகளை நிருவகிக்கும் ஜமாஅத்தினர், ஆண்டு ஏலத்தை விட்டுச் சட்டம் இடம் தரும் அளவுக்கு நீண்ட தவணையில், எழுத்து மூலம் குத்தகைக்கு விடலாம். ஊருக்கு ஒரு வக்ஃபு வயலில் காய்ச்சலும் பாய்ச்சலும் செய்து பார்க்கட்டும். விளைச்சல் குறைந்தால் குறைவை ஜமாஅத் ஏற்கட்டும். நட்டம் தன் தலையில் விழாதென்று தெரிந்த அன்று, பக்கத்து வயல்காரன் யாரும் அழைக்காமலே வந்து பார்ப்பான்.

இவற்றுக்கு அமைச்சர் வேண்டியதில்லை; விஞ்ஞானி வேண்டியதில்லை. ஒரு கையொப்பம் போதும். அதைச் செய்தபின்னும் அவன் மாறவில்லையென்றால், அப்போது திண்ணையில் அமர்ந்து அவனைக் குறை சொல்வோம்; நாமும் உடன் சேர்ந்து சொல்வோம். அதுவரை அந்தப் பேச்சை நிறுத்துவோம். அடுத்த முறை குத்தகையாளரைத் தொலைபேசியில் அழைக்கும்போது, நெல் எப்போது வரும் என்பதற்கு முன்னர், தண்ணீர் வந்ததா என்று கேட்போம்.